பிஸ்கட் டின்னும் அரசாங்க மேகமும்

(மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கெலாங் பாத்தாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது? சதுர டின். பிஸ்கட் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். இப்போது அதற்குள் பிறப்புப் பத்திரம், திருமணச் சான்றிதழ், பழைய அடையாள அட்டையின் நகல், இபிஎஃப் அறிக்கை, பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் இருக்கும். என் அம்மா அந்த டின்னை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தார். ஏதாவது அரசாங்க அலுவலகத்துக்குப் போக வேண்டுமென்றால் முதல் நாள் இரவே அதை இறக்கி, ஒவ்வொரு தாளாகக் கட்டிலில் பரப்புவார். காலையில் நகல் எடுக்கும் கடை. அதன் பிறகு கவுண்டர். அடுத்த மாதம் வேறு இலாகாவுக்குப் போனால் மறுபடியும் அதே தாள், அதே நகல், அதே கேள்வி. பெயர் என்ன, அப்பா பெயர் என்ன, எங்கே பிறந்தீர்கள். இந்த மூன்றையும் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்ததே அரசாங்கம்தான். கொடுத்தவர்களே திரும்பத் திரும்ப வந்து கேட்டார்கள்.

காரணம் எளிது. ஒவ்வொரு இலாகாவும் தனக்கென்று ஒரு டின் வைத்திருந்தது. ஒருவர் டின்னை மற்றவர் திறக்க முடியாது. அந்த டின்களை ஒன்றாக்கும் வேலைதான் இன்று நான் பேசவிருக்கும் பொருள். அரசாங்கங்கள் தங்கள் கணினிகளையும் தரவுகளையும் பகிர்ந்துகொள்ளும் மேகச் சேவைக்கு மாற்றிக்கொண்டிருக்கின்றன. அது நல்லதா, கெட்டதா என்று என்னைக் கேட்கிறார்கள். நல்லது. நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் பகிர்ந்து வைக்கும் பொருளுக்கு யார் பொறுப்பு என்பதை நம் நாட்டில் இன்னும் சட்டத்தில் சரியாக எழுதி முடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் ஓர் அரசு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவன். எங்கள் செர்வர் அறை, தேநீர் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. முன்பு நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை. நான்கு செர்வர்கள், ஓர் ஏர்கான். அந்த ஏர்கான் சொட்டும். கீழே ஒரு சிவப்பு வாளி வைத்திருப்போம். காலையில் நான் செய்யும் முதல் வேலை அந்த வாளியைக் கொட்டுவதுதான். வெள்ளிக்கிழமை மாலையில் பேக்கப் டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அலுவலகம் தீப்பிடித்தால் தரவாவது தப்பட்டும் என்று. ஒருமுறை உண்மையிலேயே ஒரு செர்வரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. டேப்பைப் போட்டுப் பார்த்தோம். காலி. பல மாதங்களாக அந்த டேப்பில் எதுவுமே பதிவாகவில்லை. யாரும் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை, நான் உட்பட. தாள் கோப்புகளை வைத்து மூன்று வாரம் ராத்திரி பகலாக மறுபடி தட்டச்சு செய்தோம். தாளும் இல்லாதவர்கள் திரும்ப வந்து விண்ணப்பித்தார்கள். வேலைக்கு ஒரு நாள் விடுப்பு போட்டு, பஸ் ஏறி வந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, உங்கள் விவரம் எங்களிடம் இல்லை" என்று சொன்னவன் நான். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அப்படிப்பட்ட அறைகள் நாடு முழுக்க இருந்தன. நம் நாடு மட்டுமல்ல. அமெரிக்க மத்திய அரசாங்கத்துக்கு 1998இல் 432 தரவு மையங்கள் இருந்தன. 2010இல் எண்ணிப் பார்த்தால் 2,094. அவற்றில் இருந்த செர்வர்களின் திறனில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. அப்போது அங்கே தலைமைத் தகவல் அதிகாரியாக இருந்தவர் விவேக் குந்த்ரா, டில்லியில் பிறந்தவர். புதிதாக எதையும் வாங்குமுன் முதலில் மேகச் சேவையைப் பாருங்கள் என்ற கொள்கையை அவர்தான் கொண்டுவந்தார். 2011 பிப்ரவரியில் வந்த அவருடைய திட்ட அறிக்கை, அரசு ஆண்டுதோறும் கணினிக்குச் செலவிடும் 80 பில்லியன் டாலரில் 20 பில்லியன் வரை மேகத்துக்கு மாறலாம் என்று கணக்குப் போட்டது. பிரிட்டன் 2012இல் ஜி-கிளவுட் என்று தொடங்கியது. இந்தியாவில் அதற்கு 'மேகராஜ்' என்று பெயர் வைத்தார்கள். தேசிய மேகம் 2014இல் வந்தது. தமிழ்நாட்டில் எல்காட் என்ற அரசு நிறுவனம் சென்னைப் பெருங்குடியில் மாநிலத் தரவு மையத்தை நடத்துகிறது.

இந்த மேகம் எப்படி வேலை செய்கிறது? ஒரு ஃபிளாட் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, லிஃப்ட் ஒன்று. ஆனால் வீட்டுக்கு வீடு கதவு தனி, பூட்டு தனி. பெரிய கணினிகளை மென்பொருளால் பல வீடுகளாகப் பிரித்து, இலாகாவுக்கு ஒன்றாகக் கொடுக்கிறார்கள். ஃபிளாட்டில் செய்ய முடியாத ஒன்றை இங்கே செய்யலாம். விருந்தாளி நிறைய வரும் நாளில் மட்டும் வீட்டைப் பெரிதாக்கலாம், அவர்கள் போனதும் சுருக்கலாம். எவ்வளவு பயன்படுத்தினோமோ அவ்வளவுக்குக் காசு.

இது எதற்கு என்று கேட்பவர்கள் 2025 ஆகஸ்டு 31ஐ நினைத்துப் பாருங்கள். 18 வயது நிரம்பிய மலேசியர் எல்லாருக்கும், ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் பேருக்கு, மைகார்ட் அடையாள அட்டையில் 100 ரிங்கிட் 'சாரா' என்ற அரசு உதவி அன்று தொடங்கியது. கடையில் பொருளை எடுத்து அட்டையைக் காட்டினால் போதும். எல்லாரும் ஒரே நேரத்தில் கடைக்குப் போனார்கள். முதல் நாட்களில் கணினி திணறியது, வரிசை நின்றது, அரசாங்கம் விளக்கம் சொன்னது. ஆண்டில் சில நாளுக்கு மட்டும் வரும் அந்தக் கூட்டத்துக்காக ஆண்டு முழுவதும் நூறு செர்வர்களை வாங்கி வைப்பதும் வீண், கூட்டம் வரும் நாளில் மக்களை வெயிலில் நிறுத்துவதும் தப்பு. சுருங்கி விரியும் இடம் வேண்டும். அதைத் திட்டமிட்டுக் கட்டினால் மேகம் கொடுக்கும்.

நம் நாட்டில் இது ஒரே நாளில் வரவில்லை. 1996இல் மல்டிமீடியா பெருவழித் திட்டம் வந்தது. அதில் மின் அரசாங்கம் ஒரு முக்கியத் தூண். 2001இல் மைகார்ட் வந்தது. அதன் பிறகும் இலாகாக்கள் தனித்தனியாகவே கணினி வாங்கின. 2021 பிப்ரவரி 19இல் அன்றைய பிரதமர் முஹிடின் யாசின் மைடிஜிட்டல் திட்டத்தை அறிவித்தபோது, மேகத்துக்கு முதலிடம் என்பதும் அதில் இருந்தது. அரசுத் தரவில் 80 விழுக்காட்டை 2022 முடிவுக்குள் கலப்பு மேகத்துக்கு மாற்ற வேண்டும் என்பது இலக்கு. மைக்ரோசாஃப்ட், கூகுள், அமேசான், டெலிகோம் மலேசியா ஆகிய நான்குக்கும் நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனியாக டெண்டர் விடாமல், ஒரே ஒப்பந்தத்தின் கீழ் சேவை வாங்கும் வழி 2022இல் வந்தது. இந்த மொத்த ஏற்பாட்டுக்கு மைகவ்கிளவுட் என்று பெயர். அதற்கு இரண்டு கை. ஒன்று அரசின் சொந்தப் பொதுத்துறைத் தரவு மையம். மற்றொன்று இந்தத் தனியார் நிறுவனங்களின் மேகம். முன்பு மம்பு என்று நாம் அறிந்த பிரிவுதான் இன்று தேசிய டிஜிட்டல் இலாகாவாகி, கோபிந்த் சிங் டியோவின் டிஜிட்டல் அமைச்சின் கீழ் இதைக் கவனிக்கிறது.

சரி, பொறுப்பு என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். ஃபிளாட்டில் தண்ணீர்த் தொட்டி உடைந்தால் எல்லா மாடிக்கும்தான் தண்ணீர் நிற்கும். பகிர்வின் மறுபக்கம் அது.

இலங்கையைப் பாருங்கள். அங்கே அரசாங்கத்தின் பொது மேகம், லங்கா கவர்ன்மெண்ட் கிளவுட். அமைச்சரவை அலுவலகம் உட்பட அரசு அலுவலகங்களின் மின்னஞ்சல் அதில்தான் ஓடியது. 2023 ஆகஸ்டில் பணயத் தாக்குதல் நடந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தாக்குதல் அது. மே 17 முதல் ஆகஸ்டு 26 வரையிலான மின்னஞ்சல்கள் போயின. பாதிக்கப்பட்ட முகவரிகள் ஏறக்குறைய 5,000. அந்த மாதங்களுக்கு மறுநகல் இல்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. புதுப்பிக்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தும் பணமும் முடிவும் தள்ளிக்கொண்டே போயின. மூன்று மாதத்துக்கும் மேலான அரசாங்கக் கடிதங்கள் அப்படித்தான் இல்லாமல் போயின.

ஏழை நாடு, நெருக்கடியில் இருந்த நாடு என்று சிலர் சொல்லக்கூடும். அதனால் தென்கொரியாவைச் சொல்கிறேன். மின் அரசாங்கத்தில் உலகமே பாடம் படிக்கும் நாடு. 2025 செப்டம்பர் 26, தேஜோன் நகரத்தில் தேசியத் தகவல் வள மையம். செர்வர் அறையில் இருந்த லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தது. ஒரு பேட்டரி தீப்பிடித்தது. அணைக்க 20 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாட்டின் 647 அரசுக் கணினி அமைப்புகள் நின்றன என்று முதலில் சொன்னார்கள், பிறகு எண்ணிக்கை 700ஐத் தாண்டியது. சூசோக் பண்டிகைக்கு முந்தைய வாரம். அஞ்சலகப் பணப் பரிமாற்றம் நின்றது, கைப்பேசி அடையாள அட்டை வேலை செய்யவில்லை. அவற்றில் பலவற்றை மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒன்று மட்டும் திரும்பவே இல்லை. ஜி-டிரைவ். அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளை மேசைக் கணினியில் வைக்காமல் இதில் வைக்க வேண்டும் என்று 2018இல் வழிகாட்டினார்கள். ஆளுக்கு 30 ஜிகாபைட். சேர்ந்தது 858 டெராபைட். இத்தனை பெரிய அளவுக்கு வெளியே மறுநகல் வைக்க வசதியில்லை என்று விட்டிருந்தார்கள். 858 டெராபைட்டும் எரிந்தது. சொன்னபடி கேட்டு எல்லாவற்றையும் அதிலேயே வைத்த அமைச்சுக்குத்தான் அதிக இழப்பு.

என் வாளியும் காலி டேப்பும் நினைவுக்கு வருகின்றன. அன்று என் தவறால் ஓர் அலுவலகம் மூன்று வாரம் தவித்தது. அதே தவறு பொது மேகத்தில் நடந்தால் ஒரு நாடே தவிக்கும். எங்கள் தொழிலில் ஒரு பழைய விதி உண்டு. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த நகலை உண்மையில் திறந்து, ஓட்டிக் காட்ட வேண்டும். அதன் முடிவைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும். எஸ்டோனியா என்ற சிறிய நாடு, தன் முக்கியத் தரவுகளின் நகலை லக்சம்பர்க்கில், தூதரகத்துக்கு உள்ள பாதுகாப்புடன் வைக்க 2017இல் ஒப்பந்தம் போட்டது. நாடே பிடிபட்டாலும் பதிவேடு பிழைக்க வேண்டும் என்ற எண்ணம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

வெளிநாட்டு நிறுவனத்தின் மேகம் என்றால் இன்னொரு கேள்வியும் வருகிறது. அமெரிக்காவில் 2018இல் ஒரு சட்டம் வந்தது. அமெரிக்க நிறுவனம் தன் கைவசம் வைத்திருக்கும் தரவு உலகில் எந்த நாட்டில் இருந்தாலும், அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தால் கொடுக்கும்படி கேட்கலாம். ஆகவே செர்வர் மலேசிய மண்ணில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி. நம் 1972ஆம் ஆண்டு அரசு ரகசியச் சட்டம் நான்கு நிலை ரகசியம் வைத்திருக்கிறது. எந்த நிலை எந்த மேகத்துக்குப் போகிறது, குறியீட்டுச் சாவியை யார் வைத்திருக்கிறார்கள் என்பதை அரசு தெளிவாகச் சொல்லட்டும்.

இதையெல்லாம் கெலாங் பாத்தாவில் நின்று ஏன் பேச வேண்டும்? கட்டடங்கள் இங்கேதான் எழுகின்றன. சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்குத் தடை போட்டது. 2022இல் தளர்த்தினாலும் கட்டுப்பாட்டுடன்தான். அந்தத் தேவை நீரிணையைத் தாண்டி ஜொகூருக்கு வந்தது. கூலாயில் செடெனாக், இங்கே நூசாஜெயா டெக் பார்க். நம் பிள்ளைகள் பைக்கில் போகும் வழியில், ஜன்னல் இல்லாத அந்த வெள்ளைக் கட்டடங்களைப் பார்க்கிறோம். அவை பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களுக்காக எழுந்தவை. நம் அரசின் தரவு அங்கே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேகம் என்பது எவ்வளவு மின்சாரமும் தண்ணீரும் குடிக்கும் பொருள் என்பதை மலேசியாவில் யாரையும்விட நாம் கண்ணால் பார்க்கிறோம். மாநில அரசு 2024 ஜூனில் ஒரு குழு அமைத்து விண்ணப்பங்களைச் சலிக்கத் தொடங்கியது. நவம்பருக்குள் ஏறக்குறைய 30 விழுக்காட்டை நிராகரித்தது. சரியான செயல். இன்னும் கண்டிப்பாக இருக்கலாம்.

அரசின் பகிர்வில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதும் கெலாங் பாத்தாக்காரருக்கு நன்றாகத் தெரியும். அடையாள அட்டை மத்திய அரசு. நிலப் பட்டா மாநில அரசு, அதன் தலைமை பக்கத்தில் கோத்தா இஸ்கண்டாரில். வீட்டு வரி இஸ்கண்டார் புத்ரி மாநகர் மன்றம். தரவுப் பகிர்வுச் சட்டம் 2025 ஏப்ரல் 28இல் நடைமுறைக்கு வந்தது. இலாகாக்கள் தங்களுக்குள் தரவைக் கேட்டுப் பெற முதன்முறையாக ஒழுங்கான வழி. ஆனால் அது மத்திய அரசு அமைப்புகளுக்கு மட்டும். ஆகவே அப்பா இறந்து, வீட்டைப் பெயர் மாற்றப் போகும் மகன் இன்றும் பிஸ்கட் டின்னைத்தான் தூக்கிக்கொண்டு போகிறான். நம் ஊரில் வேலை பாதியில் நிற்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

அதே பகிர்வு நம்மவர்களுக்குச் சில சங்கடங்களையும் கொண்டுவரும். தமிழ்ப் பெயர்கள். முனியாண்டி என்ற ஒரு பெயரை ரோமன் எழுத்தில் நான்கு விதமாக எழுதிய பத்திரங்கள் நம் டின்களுக்குள் இருக்கின்றன. தோட்டத்தில் கிராணியார் காதில் விழுந்தபடி எழுதியது ஒன்று, பள்ளியில் ஆசிரியர் எழுதியது ஒன்று. டின்கள் தனித்தனியாக இருந்தவரை அந்த வேறுபாடு வெளியே தெரியவில்லை. ஒன்றோடொன்று ஒப்பிடும் காலம் வந்துவிட்டது. என் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால், அவர் காலமான பிறகு ஒரு சிறு தொகையைப் பெற எனக்கு எட்டு மாதம் ஆனது. எழுத்து மாறியவர்களைவிடப் பாவம், அடையாள அட்டை எண்ணே இல்லாதவர்கள். தோட்ட லயத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் போனவர்கள், அவர்களின் பிள்ளைகள். 12 இலக்க எண் இருப்பவரைத்தான் கணினிக்குத் தெரியும். எண் இல்லாதவர் எந்த மேகத்திலும் இல்லை. முன்பு ஒரு கவுண்டர் அதிகாரி முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ஏதாவது செய்ய இடம் இருந்தது. கணினிக்கு முகம் பார்க்கத் தெரியாது. அதனால் ஒவ்வோர் இலாகாவிலும் மனிதர் உட்கார்ந்திருக்கும் ஒரு கவுண்டர் கட்டாயம் தொடர வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கடைசியாக, சட்டம். 2024 ஜனவரி 2இல் பாடு என்ற மையத் தரவுத் தளத்தைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் தொடக்கிவைத்தார். உதவித்தொகை சரியான ஆளுக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். திறந்த உடனேயே, ஒருவர் எண்ணை வைத்து வேறொருவர் பதிந்துவிடலாம் என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் சுட்டிக்காட்டினார். சரிசெய்தார்கள். அப்போது மக்கள் கேட்ட கேள்வி: என் விவரம் கசிந்தால் அரசாங்கத்தின் மேல் நான் வழக்குப் போடலாமா? நம்மிடம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2010இல் நிறைவேறி 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கடைக்காரர் உங்கள் தொலைபேசி எண்ணை விற்றால் அந்தச் சட்டம் அவரைப் பிடிக்கும். அதன் 3ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? இந்தச் சட்டம் மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது. நாட்டிலேயே அதிகத் தரவு வைத்திருப்பவர்களை அந்தச் சட்டம் தொடுவதில்லை. 2024இல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்தியது. அபராதத்தைக் கூட்டியது, தரவு கசிந்தால் தெரிவிக்க வேண்டும் என்றது. 3ஆம் பிரிவை அப்படியே விட்டுவிட்டது.

எல்லா டின்களும் ஒரே அலமாரிக்குப் போகும்போது, அலமாரிக்காரருக்கு மட்டும் சட்டம் கிடையாது என்பதை நாம் ஏற்கக்கூடாது. அரசின் மேல் எனக்குக் கோபம் இல்லை, என் வாழ்க்கை முழுக்க அங்கேதான் சோறு சாப்பிட்டேன். அந்த அறைகளில் நேர்மையாக உழைப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் இந்தச் சட்டம் துணையாக நிற்கும். மறுநகலுக்குப் பணம் கேட்டு மேலதிகாரியிடம் போகும் ஒரு சின்ன அதிகாரிக்கு, "சட்டம் கேட்கிறது ஐயா" என்று சொல்ல ஒரு தாள் கையில் இருக்கும். அன்று என் கையில் அப்படி ஒரு தாள் இல்லை.

நாடாளுமன்ற உறுப்பினரோ சட்டமன்ற உறுப்பினரோ அடுத்து இந்த மண்டபத்துக்கு வரும்போது, அந்த 3ஆம் பிரிவை எப்போது எடுப்பீர்கள் என்று எழுந்து நின்று கேளுங்கள். தமிழிலோ மலாயிலோ, எது வருகிறதோ அதில் கேளுங்கள். அந்தப் பிரிவு சொல்வதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிப் பின்மேசையில் வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பத்திரங்களில் பெயரின் எழுத்து மாறியிருப்பவர்கள் இப்போதே என்னிடம் வாருங்கள், மனு எழுதும் வேலையை இன்றே தொடங்கிவிடலாம்.